கல்வீடும் புள்ளிக் கணக்கும்: வன்னியில் நலன்புரிக் கொள்கை வகுக்கப்பட்ட வழிகள்

அஸ்வெசும என்ற அரசின் மாதாந்தப் பணக் கொடுப்பனவுத் திட்டத்தின் பயனாளிப் பட்டியல் வெளியான காலத்திலிருந்து, இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு முறைப்பாடு ஓயாமல் கேட்கிறது. குடியிருப்பது கல்வீடு என்பதால்தான் பெயர் வெட்டுப்பட்டது என்பதே அது. அந்தக் கல்வீடு எப்படி வந்தது என்று விசாரித்தால் விடயம் இன்னும் சிக்கலாகிறது. பல இடங்களில் அது 2012 க்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் எழுந்த வீடு. போரில் எல்லாவற்றையும் இழந்தவர் என்ற காரணத்தால் கிடைத்த வீடு. பத்து வருடங்கள் கழித்து வந்த கணக்கெடுப்பிலோ அதே சுவரும் அதே தரையும் வசதியின் அடையாளங்களாகப் பதிவாகின்றன. ஒரு திட்டம் கொடுத்ததை இன்னொரு திட்டம் எதிர்ச்சாட்சியாக எடுத்துக்கொள்கிறது.

இதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு வழிகளில் வகுக்கப்பட்ட திட்டங்கள், அவ்வளவுதான். நலன்புரி பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் 'எல்லாருக்கும் கொடுப்பதா, ஏழைகளுக்கு மட்டும் கொடுப்பதா' என்ற கேள்வியோடு முடிந்துவிடும். முக்கியமான கேள்விதான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இவர் ஏழை, இவர் ஏழையல்ல என்று கோடு போடுபவர் யார்? அவர் எங்கே இருந்துகொண்டு, எதைப் பார்த்து அந்தக் கோட்டைப் போடுகிறார்? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் ஒரே ஆயுளுக்குள் இதற்குப் பல பதில்களைக் கண்ட முதியவர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது பதில் பங்கீட்டு அட்டை. இலங்கையின் நலன்புரி அரசை யாரும் மேசையில் அமர்ந்து வரைந்து உருவாக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது 1942 இல் வந்த உணவுப் பங்கீடு, போர் முடிந்த பின்னும் விலகவில்லை. 1931 இலேயே எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்த நாட்டில் அதை விலக்கத் துணிபவர் யார்? 1953 இல் துணிந்தார்கள். ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசியில் கைவைத்தால் ஆட்சி ஆடும் என்பது அதன் பிறகு இரு பெரிய கட்சிகளுக்கும் எழுதப்படாத சட்டமாயிற்று.

அந்தச் சட்டத்தை 1978 இல் உடைத்த விதம் கவனிக்கத்தக்கது. அரிசியின் விலையைத் தொடவில்லை. வருமான எல்லை ஒன்றைப் போட்டு, சனத்தொகையில் ஏறத்தாழப் பாதியின் அட்டைகளை முதலில் நீக்கினார்கள். அடுத்த வருடம் மீதிப் பேருக்கு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதியிருந்தது ரூபாய்க் கணக்கு. விலைவாசி ஏற ஏற, சில வருடங்களிலேயே அந்த முத்திரைக்குக் கடையில் கிடைத்த அரிசி மிகவும் குறைந்துபோனது. இந்த முறை ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. உரத்துப் பேசக்கூடிய ஆசிரியர், எழுதுவினைஞர், தொழிற்சங்கக்காரர் கையில் அட்டையே இல்லாதபோது, அட்டை வைத்திருந்தவர்களுக்காகத் தெருவில் இறங்க யாரும் இருக்கவில்லை. ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய உதவி தேய்வதும் ஏழைகளுக்கு மட்டும்தான் தெரியும். இலக்கு வைத்துக் கொடுப்பது சிக்கனமானது என்று வாதிடுபவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வன்னியைப் பொறுத்தவரை அதே காலத்தின் பெரிய இழப்பு முத்திரையோடு வந்ததல்ல என்பதையும் இடையில் சொல்லிவிட வேண்டும். 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடு இங்கே எந்த நிவாரணமும் செய்யாததைச் செய்தது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துப் பக்கத்துக் குடியேற்றங்களில் மிளகாய்க் காசில் உழவு இயந்திரம் வாங்கியவர்கள், பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் பலர். 1977 இல் சந்தை திறக்கப்பட்டபோது அந்தக் காசு வற்றியது. விலைக் கொள்கையை நலன்புரிக் கொள்கை என்று எந்த அமைச்சும் கணக்கு வைப்பதில்லை; கமக்காரர் வீட்டில் அதுதான் கணக்கு.

உணவு முத்திரைக்குப் பிறகு வந்த வறுமை நிவாரணத் திட்டங்களில் ஜனசவிய 1989 இல் தொடங்கியது. குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய். அதில் 1,458 ரூபாய் நுகர்வுக்கு, 1,042 ரூபாய் சேமிப்புக்கு. 24 மாதங்களில் கையில் 25,000 ரூபாய் முதல் இருக்கும் என்பது கணக்கு. 1995 இல் சமுர்த்தி அதன் இடத்தைப் பிடித்தது. வன்னியின் பெரும்பகுதி இரண்டையும் தூரத்திலிருந்துதான் பார்த்தது. போர்க்காலத்தில் இங்கே நடந்தது வேறு. ஆட்சி விடுதலைப் புலிகளிடம் இருந்தது. அரசாங்க அதிபர், வைத்தியசாலை, பாடசாலை, சம்பளம் எல்லாம் கொழும்பிலிருந்து வந்தன. பொருளாதாரத் தடையைத் தாண்டி வந்த உலர் உணவு கூட்டுறவுச் சங்கக் கடைகளில் குடும்ப அட்டைக்குப் பங்கிடப்பட்டது. இடம்பெயர்ந்தவர் எல்லாருக்கும் அட்டை. தலைக்கு இத்தனை அரிசி, மா, பருப்பு, சீனி. யார் ஏழை என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1942 இல் நாடு முழுவதும் நடந்ததுதான் வேறு உருவில் இங்கே மறுபடி நடந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அளவு போதவில்லை, வரவு நிச்சயமில்லை, தடையே பசிக்கு ஒரு காரணமாக இருந்தது. இருந்தும், பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற இன்றைய கசப்பு அந்த வரிசையில் இருக்கவில்லை.

2009 மே மாதத்துக்குப் பின் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்தபோதும் உணவு எல்லாருக்கும்தான். ஊர் திரும்பியபோது குடும்பத்துக்கு 25,000 ரூபாய் தங்குமிட உதவி, தகரங்கள், ஆறு மாத உலர் உணவு. அந்த ஆறு மாதம் முடிந்த இடத்திலிருந்துதான் தெரிவு தொடங்குகிறது. அதன் பிறகு எந்த உதவிக்கும் 'பயனாளி' ஆக வேண்டியிருந்தது.

இருபத்திரண்டு கேள்விகள்

2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் நெடுங்காலம் பெரிய பயன்பாடின்றிக் கிடந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியும், 2023 மார்ச் மாதத்தில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாடும் அதைத் தூசு தட்டி எடுத்தன. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.6 வீதத்தையாவது பணக் கொடுப்பனவுகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அந்த உடன்பாட்டின் இலக்குகளில் ஒன்று. 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. தொடங்கியபோதைய தொகைகளின்படி நான்கு படிகள்: நிலைமாறும் நிலையில் உள்ளோருக்கு மாதம் 2,500, பாதிக்கப்படக்கூடியோருக்கு 5,000, வறியோருக்கு 8,500, மிக வறியோருக்கு 15,000 ரூபாய். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 சுட்டிகள். அவற்றின் கூட்டுப் புள்ளியே குடும்பத்தின் படியைத் தீர்மானிக்கிறது.

இந்த முறைக்குச் சொல்ல வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சமுர்த்திப் பட்டியல்களில் கட்சிக்காரர்கள் புகுந்தார்கள். ஒருமுறை ஏறிய பெயர் இறங்குவது அபூர்வம். கஷ்டப்பட்டவர் பலருக்குக் கிடைக்கவேயில்லை. கணினி போடும் புள்ளிக்கு உறவுக்காரர் இல்லை. கொழும்பிலிருந்து பார்த்தால் இது நேர்மையான வழியாகத்தான் தெரியும்.

இனிக் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்று பார்ப்போம். கணக்கெடுக்க வந்தவர் கைபேசியோடு நிற்கிறார். சுவர் சீமெந்துக் கல், தரை சீமெந்து, கூரை ஓடு. மலசலகூடம் உண்டு. மின்சாரம் உண்டு. எல்லாக் கேள்விக்கும் உண்மையான பதில்தான் போகிறது. ஆனால் கதவு, யன்னலில் பாதிக்கு இன்னும் தகரம்தான் அடித்திருக்கிறது. தாலிக்கொடி அடகில் இருக்கிறது. அத்திவாரத்துக்கு வைத்தது, மீட்கவில்லை. வீட்டுக்காரரின் தொடையில் செல் துண்டு இருக்கிறது. வலது குறைந்தவர் என்று பதிவதற்கு அவரிடம் ஊனம் போதவில்லை. வெயிலில் முழுநாள் களை பிடுங்குவதற்கு உடம்பு போதவில்லை. வயற்காணிப் பத்திரம் காணாமற்போன தகப்பனின் பெயரில். ஆகவே வங்கிக் கடன் கிடையாது, வாராந்தக் கடன்தான் கிடைக்கும். கணக்கெடுப்பவர் பக்கத்து ஊர்ப் பிள்ளை என்றால் இதெல்லாம் அவருக்கே தெரியும். தெரிந்ததை எழுதப் படிவத்தில் இடமில்லை.

இது படிவத்தில் சில கேள்விகள் விடுபட்டதால் வந்த கோளாறு மட்டுமல்ல. சுவரைப் பார்த்து வருமானத்தை ஊகிக்கும் முறை, ஆட்கள் தங்கள் உழைப்பில் மிச்சம் பிடித்துச் சுவர் எழுப்புகிறார்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. நாட்டின் பெரும்பகுதியில் அது ஓரளவு சரி. வன்னியிலோ சுவர் வெளியிலிருந்து வந்தது, ஒரு சில வருடங்களுக்குள், ஒரே அளவில். இங்கே சுவருக்கும் வருமானத்துக்கும் இடையிலான கயிறு அறுந்திருக்கிறது. வீடு எந்தத் திட்டத்தில் கட்டியது என்று ஒரே ஒரு கூடுதல் கேள்வி போதும். அந்தச் சுட்டியை இந்த வீடுகளுக்கு ஒதுக்கிவைக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைச் சேர்க்கும் அதிகாரம் கரைச்சி, ஒட்டுசுட்டான் பிரதேச செயலகங்களுக்கு இல்லை. சுட்டிகள் கொழும்பில் வர்த்தமானியில் வெளிவந்தவை.

இரண்டாவது சிக்கல் நாள் பற்றியது. குடித்தொகை, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012/13 ஆய்வில் வறுமைத் தலைக்கணக்கு நாட்டிலேயே முல்லைத்தீவில்தான் அதிகம்: 28.8 வீதம். கிளிநொச்சியில் 12.7. அடுத்த ஆய்வு 2016 இல். அப்போது முல்லைத்தீவு 12.7 ஆக இறங்கியிருந்தது, கிளிநொச்சி 18.2 ஆக ஏறி நாட்டின் முதலிடத்துக்கு வந்திருந்தது. நாட்டின் சராசரி அப்போது 4.1 தான். இப்படி ஒரு மாவட்டம் இறங்க, பக்கத்து மாவட்டம் ஏறுவதன் பொருள் என்ன? பெருந்தொகையான குடும்பங்கள் கோட்டுக்கு மிக அருகில், அரை அடி மேலேயும் கீழேயுமாக நிற்கின்றன என்பதே. குளத்தில் தண்ணீர் இருந்தால் மேலே. சிறுபோகம் பொய்த்தால் கீழே. கச்சானுக்கு விலை விழுந்தால் இன்னும் கீழே. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் எடுத்த புள்ளியை வைத்து நான்கு படிகளாகப் பிரிப்பது, அயல் வீட்டாரை 8,500 க்கும் ஒன்றுமில்லாததற்கும் இடையில் பிரித்து நிறுத்துவதில்தான் முடியும். முதல் பட்டியல் வந்தபோது நாடு முழுவதும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. ஒரு கணக்கெடுப்பின் துல்லியம் பற்றி இதைவிட வேறு ஆய்வு தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஐந்தரை லட்சமும் இருபத்தொரு லட்சமும்

கொள்கை வகுக்கும் வழிகளை ஒப்பிட வன்னியில் கிடைக்கும் மிகத் தெளிவான உதாரணம் வீடுதான். ஒரே தேவைக்கு இரண்டு வழிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

இந்திய அரசின் நிதியில் 50,000 வீடுகள். வடக்கு கிழக்குக்கு மட்டும் ஏறத்தாழ 46,000. வீட்டுக்கு 5,50,000 ரூபாய். காசு கட்டங்கட்டமாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வரும். அத்திவாரம் முடிந்ததும் பரிசோதனை, பிறகு அடுத்த தவணை. சுவர் எழுந்ததும் மறுபடி. மேசனைத் தேடுவது, மணல் பேரம் பேசுவது, கல் அறுப்பது எல்லாம் வீட்டுக்காரர் வேலை. இதில் குறைகள் ஏராளம். ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் எழுந்ததால் மணலுக்கும் மேசனுக்கும் விலை எகிறியது. காசு போதவில்லை, நகை அடகுக்குப் போனது. தனித்து வாழும் பெண்ணுக்குக் கட்டடப் பொருட்காரரோடு மல்லுக்கட்டுவது இலகுவாக இருக்கவில்லை. ஆனால் வாசல் எந்தத் திசையில், அடுப்படி எங்கே, பிறகு ஒரு விறாந்தை இறக்க எந்தப் பக்கம் இடம் விடுவது என்பதை வீட்டுக்காரர் தீர்மானித்தார். செலவழித்த காசும் ஊரிலேயே, மேசன், கல்லறுப்பவர், உழவு இயந்திரக்காரர் கைகளில் சுற்றியது.

அதன் பிறகு 65,000 பொருத்து வீடுகள் என்ற யோசனை வந்தது. 2015, 2016 காலத்தில் ஒரு பன்னாட்டு உருக்கு நிறுவனத்திடமிருந்து ஆயத்தமாக வரும் இரும்புத் துண்டுகளைப் பொருத்தி எழுப்பும் வீடு. ஒன்றின் மதிப்பீடு சுமார் 21 லட்சம் ரூபாய். தளபாடம், மின்சாரச் சாமான் எல்லாம் சேர்த்து அந்த விலை என்றார்கள். வன்னி வெயிலில் இரும்புச் சுவர் என்ன ஆகும், உடைந்தால் யார் திருத்துவது, பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்தால் ஒரு அறையை எப்படிச் சேர்ப்பது என்ற சாதாரணக் கேள்விகளுக்குப் பதில் இருக்கவில்லை. வடக்கின் கட்டட நிபுணர்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள். அந்தக் காசில் இரண்டு கல்வீடாவது கட்டலாம் என்று கணக்குக் காட்டினார்கள். திட்டம் இழுபட்டுக் கடைசியில் கைவிடப்பட்டது. இரண்டாவது வழியில் இருந்தவர்கள் முட்டாள்களல்லர். அவர்களுக்கு முன் இருந்த கேள்வி '65,000 கூரைகளை விரைவாக எழுப்புவது எப்படி' என்பது. அந்தக் கேள்விக்கு இரும்பு வீடு ஒரு பதில்தான். கேள்வியை எழுதியபோது வீட்டுக்காரர் அறையில் இருக்கவில்லை என்பதே குறை.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் ஊரிடமே விட்டுவிடலாமா? அதற்கும் நான் தயாரில்லை. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கூடிப் பெயர்களை வாசித்து, ஆட்சேபனை கேட்டுப் பட்டியல் போடும் முறை மீள்குடியேற்றக் காலத்தில் பரவலாக இருந்தது. கூட்டத்தில் பேசக்கூடியவர்கள் பேசினார்கள். பேசாதவர்கள் யார்? 1958, 1977 வன்செயல்களாலும் எழுபதுகளின் தோட்டப் பட்டினியாலும் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவில் குடியேறியவர்களின் பிள்ளைகள். பலருக்குக் காணிப் பத்திரம் இல்லை. வாய்க்காலின் கடைசியில் அல்லது வாய்க்காலே இல்லாத மேட்டில் இருப்பவர்கள். காணிக்காரரின் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். அதே காணிக்காரர் சங்கத் தலைவராக இருக்கும் கூட்டத்தில் எழுந்து, தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்பது எளிதா? சாதியும் இதில் உண்டு, அதைப் பற்றி அறிக்கைகள் பேசுவதில்லை. ஊருக்குத் தெரியும் என்பது உண்மை. தெரிந்ததை ஊர் நேர்மையாகச் சொல்லும் என்பது வேறு.

கடன் கூட நலத்திட்டத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தது. பெண்களை வலுவூட்டுகிறோம் என்று வந்த நுண்கடன் நிறுவனங்கள் வாரத்துக்கு வாரம் வாசலில் நின்றன. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வர வேண்டியதாயிற்று.

யாருடைய அதிகாரம்

கோடு போடுபவர் யார் என்ற கேள்வி ஒருமுறை உயர் நீதிமன்றத்துக்கே போனது. அதில் வடக்கும் ஒரு காரணம். 2012 இல் சமுர்த்தி அதிகாரசபையையும் வேறு இரண்டு அபிவிருத்தி அதிகாரசபைகளையும் ஒன்றாக்கும் திவிநெகும சட்டமூலம் வந்தது. மாகாண சபைகளின் விடயங்களைத் தொடுவதால் ஒவ்வொரு சபையின் கருத்தையும் பெற வேண்டும் என்றது நீதிமன்றம். வடக்கில் அப்போது மாகாண சபையே இல்லை. ஆளுநர் சம்மதம் கொடுத்தார். மக்கள் தெரிவு செய்த சபையின் இடத்தில் ஆளுநர் சம்மதிக்க முடியாது என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபட்டது. 2013 ஜனவரியில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சட்டம் நிறைவேறியது. அதே வாரத்தில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணையும் நிறைவேறியது. ஏழைகளுக்குக் கொடுக்கும் முத்திரைக் காசுக்காகவா இவ்வளவு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. முத்திரைக் காசு யார் கையால் போகிறது என்பதுதான் கிராமத்தில் அரசியல் என்பதை அறிந்தவர்கள் கேட்கவில்லை. 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்து வந்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2023 இல் அஸ்வெசும வந்தபோது மாகாணத்தின் சார்பில் பேசத் தெரிவான சபை மறுபடி இல்லை.

பணத்தை மக்களே மறுத்த கதையும் வன்னியில் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்பாகத் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். 2016 இன் சட்டத் திருத்தத்தோடு வந்த, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்று சொல்லும் இல்லாமைச் சான்றிதழைப் பெற்ற குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுக்க 2019 வரவு செலவுத் திட்டத்தில் காசு ஒதுக்கப்பட்டது. பிறகு அது ஒருதடவைக் கொடுப்பனவு என்ற வடிவத்துக்கு மாறி, தொகையும் உயர்ந்தது. தாய்மார் பலர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் வசதியானவர்கள் என்பதால் அல்ல. அந்தக் காசை வாங்கினால் விசாரணை முடிந்துவிடும் என்று அஞ்சினார்கள். உண்மையைக் கேட்டவர்களுக்கு உதவித்தொகையால் பதில் சொன்னதாக அவர்கள் அதைப் பார்த்தார்கள். இங்கே நிபுணர் வழி, புள்ளி வழி, ஊர் வழி எதுவும் உதவாது. நிவாரணமும் நீதியும் ஒரே கோப்பில் வந்தால் இரண்டும் கெடும். பசிக்கான உதவி, தகப்பன் காணாமற்போனதோடு தொடர்பில்லாத ஒரு பெயரில், நிபந்தனையின்றி அந்த வீட்டுக்குப் போயிருந்தால் அதை வாங்குவதில் அவர்களுக்குச் சங்கடம் இருந்திருக்காது.

அந்தப் பெயர் எதுவாக இருக்கலாம்? வயது. எழுபது தாண்டிய எல்லாருக்கும், புள்ளி பார்க்காமல். வலது குறைந்த எல்லாருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள எல்லா வீட்டுக்கும். முதியோர் கொடுப்பனவு 2023 இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. அதுவும் வருமானம் குறைந்தோருக்கு மட்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களின் சனத்தொகையும் 2012 தொகைமதிப்பில் சேர்த்து ஏறத்தாழ இரண்டு லட்சம்தான். இத்தனை சிறிய இடத்தில் வசதியான சில முதியவர்களைக் கண்டுபிடித்து நீக்குவதற்குக் கணக்கெடுப்பாளரும் மேன்முறையீடும் மறு மேன்முறையீடுமாக ஆகும் செலவை, அவர்களுக்கும் கொடுத்துவிடுவதால் மிச்சப்படுத்தலாம் என்பது என் வாதம். பிறந்த திகதியைப் பொய்யாக்க அடையாள அட்டை விடாது. அதற்கு மேல் வரும் தொகைக்கு, திடீரென விழும் குடும்பங்களுக்கு, புள்ளியும் ஊர்க்கூட்டமும் ஒன்றையொன்று சரிபார்க்கட்டும்.

உடனே எழும் ஆட்சேபனை எனக்குத் தெரியும். வன்னிக்கு மட்டும் ஏன், மொனராகலைக் கமக்காரரும் நுவரெலியாத் தோட்டத் தொழிலாளியும் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். அங்கும் கொடுக்க வேண்டியதுதான். 1978 இல் அட்டையை இழந்த அந்தப் பாதிப் பேரின் பிள்ளைகளும் வரிசையில் நின்றால், அடுத்த முறை ரூபாய் தேயும்போது கேட்பதற்கு ஆள் இருக்கும்.